கணினி அறிவியல் இளங்கலைப் படிப்பு: சேர்க்கை முதல் கடைசிப் பருவம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடிவு வெளியானதும் தமிழ்நாட்டு வீடுகளில் "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. இடம் கிடைத்த பிறகு அந்தப் படிப்பை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தரப் பெரும்பாலான வீடுகளில் ஆளில்லை. அதிலும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழையும் மாணவர்களுக்கு, மூத்த மாணவர்களின் குறிப்பேடும் பழைய கேள்வித்தாள்களும்தான் துணை. அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கணினி அறிவியலில் ஒரு பாடம் புரிந்துவிட்டதா என்பதை மதிப்பெண் முழுமையாகக் காட்டாது. அந்தப் பாடத்தின் மையக் கருத்தை நீங்களே நிரலாக எழுதி, ஓடவிட்டு, அது எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்பதே காட்டும். கீழே வரும் யோசனைகள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவை.

பாடங்களின் வரிசைக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியாகவோ, கலை அறிவியல் கல்லூரியாகவோ இருந்தால் பருவங்கள் முன்பின் மாறும். அடிப்படைப் பாடங்கள் அவையேதான்.

எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி

முக்கியமான வழிகள் இரண்டு. பொறியியல் கல்லூரியில் நான்காண்டு பி.இ. அல்லது பி.டெக்.; கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாண்டு பி.எஸ்சி. அல்லது பி.சி.ஏ. பொறியியலுக்கு 2007 முதல் மாநில நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ கணித மதிப்பெண்ணை 100க்கும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைத் தலா 50க்கும் மாற்றி, 200க்குக் கணக்கிடும் கட் ஆஃப்பை வைத்தே கலந்தாய்வு நடக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இவற்றுக்கான சான்றிதழ்களைக் கலந்தாய்வு நெருங்கும்வரை தள்ளிப்போடாமல், முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எஸ்சி. இரண்டாந்தரம் என்ற எண்ணம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் மிகக் குறைந்த கட்டணத்தில் பி.எஸ்சி. முடித்து, இப்போது இரண்டாண்டுப் படிப்பாகிவிட்ட எம்.சி.ஏ.வையும் முடிப்பவர், கடன் வாங்கித் தரமற்ற பொறியியல் கல்லூரியில் சேர்ந்தவரைவிட எவ்வளவோ மேலான நிலையில் இருப்பார். கணிதத்தில் உண்மையான ஆர்வம் உள்ளவர்கள், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. படிப்பைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அதற்குத் தனி நுழைவுத்தேர்வு உண்டு. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. தகுதிச் சுற்றுப் பாடங்களைப் படித்துத் தேர்வெழுதிச் சேரலாம். வேறொரு பட்டப்படிப்போடு சேர்த்தும் அதைப் படிப்பவர்கள் பலர்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரப் பலகையில் இருக்கும் சம்பளத் தொகையைப் பார்க்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் பருவத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தைக் கல்லூரி வாரியாக வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். பிறகு நேரில் போய், அலுவலகத்தில் அல்ல, வாசலில் நிற்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வகுப்பு முடிந்த பிறகு கணினி ஆய்வகம் திறந்திருக்குமா? ஆய்வகத்தில் நிரலை நீங்களே எழுதுகிறீர்களா, கொடுத்ததைத் தட்டச்சு செய்கிறீர்களா? ஆசிரியர்கள் நடுவருடத்தில் அடிக்கடி மாறுகிறார்களா? கட்டடத்தின் உயரம் சொல்லாத விஷயங்களை இந்த மூன்று பதில்களும் சொல்லிவிடும்.

பிரிவின் பெயர் குறித்து அதிகம் கவலைப்பட வேண்டாம். கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், இணையப் பாதுகாப்பு எனப் பெயர்கள் பெருகியிருந்தாலும் முதல் இரண்டு ஆண்டுகளின் அடிப்படை ஏறத்தாழ ஒன்றே. நல்ல கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் கிடைத்தால், சுமாரான கல்லூரியின் கவர்ச்சியான பெயருள்ள பிரிவை விட்டுவிடலாம்.

வகுப்பு தொடங்கும் முன்

பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் சி பிளஸ் பிளஸ், பைதான் இரண்டையும் பாடநூலில் பார்த்திருப்பார்கள். உயிரியல் எடுத்தவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். இந்த வேறுபாடு முதல் பருவம் முடிவதற்குள் மறைந்துவிடும். விடுமுறையில் செய்ய வேண்டியவை இரண்டே: விசைப்பலகையைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப் பழகுவது, ஆங்கிலத்தில் தினம் ஒரு பக்கமாவது படிப்பது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் சிந்தனை தமிழில் நடப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஒரு கருத்தை முதலில் தமிழில் நண்பருக்கு விளக்கிப் பாருங்கள். திக்கினால் மொழி காரணமல்ல, கருத்து இன்னும் தெளியவில்லை. தமிழில் தெளிந்த பிறகு அதையே ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியமாக எழுதுங்கள். தேர்வும் நேர்காணலும் ஆங்கிலத்தில் இருப்பதால் இந்த இரண்டாவது படியைத் தவிர்க்க முடியாது. முதல் ஆண்டிலேயே தொடங்கினால் மூன்றாம் ஆண்டில் அது பெரிய பாரமாக இருக்காது.

மடிக்கணினி வாங்க முடிந்தால் 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி சேமிப்பகமும் உள்ளது போதும். 16 ஜிபி என்றால் நல்லது. விளையாட்டுக்கான விலையுயர்ந்த கணினி தேவையில்லை. பழைய கணினியானாலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் நன்றாக ஓடும். கணினியே வாங்க முடியாத நிலையில், ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டெர்மக்ஸ் என்ற இலவசச் செயலியை நிறுவி, சி, பைதான் நிரல்களை எழுதி ஓடவிடலாம். திரை சிறியது என்பதைத் தவிர முதல் ஆண்டுப் பாடங்களுக்கு அதில் பெரிய தடையில்லை.

முதல் ஆண்டு: கையால் ஓட்டிப் பழகுவது

முதல் பருவத்தில் பைதான், இரண்டாம் பருவத்தில் சி. கூடவே கணிதம், இயற்பியல், வேதியியல், தமிழர் மரபு, ஆங்கிலம். நிரலாக்கம் பல பாடங்களில் ஒன்றாகத்தான் இருக்கும், அதனால் அது பின்னுக்குப் போய்விடும். அப்படிப் போகவிடாதீர்கள். தினம் ஒரு மணி நேரம் நிரல் எழுதுவது, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எழுதுவதைவிடப் பயன் தரும்.

எழுதிய நிரலை ஓடவிடும் முன் தாளில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு கட்டம் போட்டு, வரி வரியாக மதிப்பு எப்படி மாறுகிறது என்று எழுத வேண்டும். மடக்கு (லூப்) எத்தனை முறை சுற்றும், கடைசிச் சுற்றில் மதிப்பு என்ன என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறகு கணினியில் ஓடவிட்டு ஒப்பிட வேண்டும். சலிப்பாகத் தோன்றும். ஆனால் நிரலாக்கத்தில் பின்தங்கும் மாணவர்களிடம் நான் காணும் முதன்மையான குறை, இந்தப் படியைத் தாண்டிப் போய்விட்டதுதான். நிரல் என்ன செய்யும் என்று மனத்தில் படம் இல்லாமல், ஒரு குறியைக் கூட்டியும் குறைத்தும் விடை வரும்வரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

பிழைச் செய்தியை வாசிக்கப் பழகுங்கள். சி நிரலைத் தொகுக்கும்போது இருபது பிழைகள் வந்தால் முதல் பிழையை மட்டும் சரிசெய்து மறுபடி தொகுக்க வேண்டும். மற்றவற்றில் பல அதன் விளைவாகவே வந்திருக்கும். ஜிசிசி தொகுப்பியில் (கம்பைலர்) எச்சரிக்கைகளைக் காட்டும் அமைப்பை எப்போதும் போட்டு வையுங்கள். முதல் ஆண்டு மாணவர்கள் மணிக்கணக்கில் தேடும் தவறுகளில் பெரும்பகுதியை அது ஒரே நொடியில் சுட்டிக்காட்டும்.

பைதானில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டிப் பாருங்கள். விடை 0.30000000000000004 என்று வரும். இது பைதானின் பிழை அல்ல. பத்தின் அடிமானத்தில் மூன்றிலொரு பங்கை முடிவுள்ள தசமமாக எழுத முடியாததுபோல, இரண்டின் அடிமானத்தில் பத்திலொரு பங்கை முடிவுள்ளதாக எழுத முடியாது. எனவேதான் பணத்தைக் கையாளும் நிரல்களில் ரூபாயைத் தசமமாக வைக்காமல், பைசாவை முழு எண்ணாக வைக்கும் வழக்கம் இருக்கிறது. இப்படி எதிர்பாராத விடை வரும் இடத்தில் நின்று காரணம் தேடும் பழக்கம் முதல் ஆண்டில் வந்துவிட்டால், பின்னால் வரும் கனமான பாடங்கள் அச்சுறுத்தாது.

சி மொழியில் பாயிண்டர் வரும் இடத்தில் பலர் மனம் தளர்கிறார்கள். நினைவகம் என்பது எண்ணிடப்பட்ட அறைகளின் நீண்ட வரிசை. பாயிண்டர் என்பது ஓர் அறையின் எண்ணைத் தனக்குள் வைத்திருக்கும் இன்னோர் அறை. இவ்வளவுதான். தாளில் அறைகளை வரைந்து, எண் போட்டு, அம்புக்குறி இட்டுப் பழகுங்கள். இரண்டு மாறிகளின் மதிப்பை ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) வழியாக இடமாற்றும் நிரலை, பாயிண்டர் இல்லாமலும் பாயிண்டரோடும் எழுதுங்கள். முதலாவது ஏன் வேலை செய்யவில்லை என்று பிறருக்கு விளக்க முடிந்தால் நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

இரண்டாம் ஆண்டு: பட்டத்தின் உயிர்

மூன்றாம், நான்காம் பருவங்களில் தரவுக் கட்டமைப்புகள், தொடர்பற்ற கணிதம் (டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ்), பொருள்நோக்கு நிரலாக்கம், அல்காரிதம், தரவுத்தளம், இயங்குதளம், கணிமைக் கோட்பாடு எல்லாம் அடுத்தடுத்து வரும். இந்த ஓர் ஆண்டைச் செம்மையாகப் படித்தவருக்கு மற்ற எல்லாமே எளிது. இங்கே கோட்டை விட்டவர் இறுதியாண்டில் புதுப்புதுச் சான்றிதழ்களின் பின்னால் ஓடுவதைப் பார்க்கிறேன். அது இதை ஈடுசெய்வதில்லை.

தரவுக் கட்டமைப்பை, பிறர் எழுதி வைத்த நூலகத் தொகுப்பு (லைப்ரரி) எதையும் பயன்படுத்தாமல், சி மொழியில் நீங்களே எழுதுங்கள். இணைப்புப் பட்டியல், அடுக்கு, வரிசை, இருமத் தேடல் மரம், ஹீப், ஹேஷ் அட்டவணை, வரைபடம் ஆகிய ஏழும் போதும். ஒவ்வொன்றிலும் சேர்த்தல், தேடல் இரண்டையும் எல்லாரும் எழுதிவிடுவார்கள். நீக்கலைத்தான் விட்டுவிடுவார்கள். இருமத் தேடல் மரத்தில் இரண்டு பிள்ளைகள் உள்ள கணுவை நீக்குவதை எழுதாதவர் அந்த மரத்தைப் பாதிதான் படித்திருக்கிறார். எழுதிய பிறகு வால்கிரைண்டு கருவியில் ஓடவிட்டு, வாங்கிய நினைவகத்தை எல்லாம் திருப்பிக் கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

அல்காரிதத்தின் வேகத்தைக் குறியீடாக மனப்பாடம் செய்யாமல் எண்களாக உணருங்கள். பத்து லட்சம் எண்கள் ஏறுவரிசையில் இருந்தால், இருமத் தேடல் ஏறக்குறைய இருபது ஒப்பீடுகளில் முடிந்துவிடும். இரண்டின் இருபதாம் அடுக்கு 10,48,576 என்பதே காரணம். அதே பத்து லட்சம் எண்களைக் குமிழி முறையில் வரிசைப்படுத்த ஏறத்தாழ 50,000 கோடி ஒப்பீடுகள் வேண்டும். இணைப்பு முறை வரிசைப்படுத்தலுக்கு இரண்டு கோடி போதும். நொடிக்குப் பத்துக் கோடி ஒப்பீடுகள் என்று வைத்துக்கொண்டால், முதலாவதற்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல், இரண்டாவதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டையும் எழுதிக் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். பிறகு, வேகத்தைக் குறிக்கும் பெரிய ஓ (பிக் ஓ) குறியீட்டை யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

நம் மொழியிலேயே ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. பைதானில் "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். மூன்று எழுத்து என்று நாம் எண்ணுவோம்; பைதான் ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யூனிகோடு அவற்றைத் தனித்தனிக் குறிகளாக வைத்திருக்கிறது. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு என்பதால், கோப்பில் அந்தச் சொல் 15 பைட்டு பிடிக்கும். சொல்லை அப்படியே திருப்பினால் தனிப் புள்ளி முதலில் வந்து, அடுத்து "ழி" என்றும், பிறகு "ம", "த" என்றும் நிற்கும். தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணி, சரியாகத் திருப்பும் செயற்கூறை நீங்களே எழுதுங்கள். எழுதி முடித்த பின் ஓப்பன் தமிழ் என்ற கட்டற்ற பைதான் நிரலகம் இதை எப்படிச் செய்கிறது என்று திறந்து படியுங்கள். ஆங்கில எழுத்துகளோடு மட்டுமே பழகிய மாணவருக்குக் கடைசிவரை எட்டாமல் போகிற தெளிவு, குறியேற்றம் பற்றி உங்களுக்கு இந்த ஒரு பயிற்சியில் வரும்.

தொடர்பற்ற கணிதத்தையும் கணிமைக் கோட்பாட்டையும் "வேலைக்கு உதவாத பாடம்" என்று ஒதுக்குவது பரவலான வழக்கம். மிகவும் வருத்தம் தருகிற வழக்கம் அது. எந்த நிரல் நிற்கும், எது நிற்காமல் ஓடும் என்று எல்லா நிரல்களுக்கும் சொல்லக்கூடிய ஒரு பொது முறையே இருக்க முடியாது என்பது, ஆலன் டூரிங் 1936இல் செய்த ஆய்விலிருந்து நமக்குத் தெரியும். மின்னணுக் கணினி புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே மனிதர் அதைத் தாளில் நிறுவிவிட்டார். ஓர் எண் பகாஎண்ணா என்று திட்டவட்டமாகவும் விரைவாகவும் சோதிக்கும் முதல் முறையை 2002இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கண்டார்கள். பின்னவர் இருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்தவர்கள். இளங்கலை மாணவருக்கு எட்டாத உயரம் என்று கணிதத்தை நினைக்காதீர்கள். தொகுத்தறிதல் முறையில் நிறுவுவதை மட்டுமாவது நன்றாகப் பழகுங்கள். தன்னையே அழைக்கும் மீள்செயற்கூறு எழுதும்போது அதே சிந்தனைதான் கைகொடுக்கும்.

தரவுத்தளப் பாடத்தின் வேர், ஐபிஎம் நிறுவனத்தில் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட, தரவை அட்டவணைகளாக வைக்கும் தொடர்புசார் மாதிரி. அட்டவணைகளைப் பிரிப்பதற்கான இயல்பாக்க விதிகளை வரிசையாக ஒப்பிப்பதால் ஒன்றும் வராது. கல்லூரி நூலகத்துக்கு ஒரு தரவுத்தளம் வடிவமையுங்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு, ஒரு மாணவரின் கைப்பேசி எண் மாறும்போது எத்தனை வரிகளைத் திருத்த வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு பிரியுங்கள். பரிவர்த்தனைக்கு யுபிஐ நல்ல எடுத்துக்காட்டு: உங்கள் கணக்கில் பணம் கழிந்த கணத்தில் மின்சாரம் போய்விட்டால் என்ன ஆக வேண்டும்? போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை நிறுவி, இரண்டு முனையத் திரைகளைத் திறந்து, ஒரே வரியை இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் மாற்ற முயன்று பாருங்கள்.

இயங்குதளத்துக்கும் இப்படியொரு சோதனை இருக்கிறது. ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு திரெட்டுகள், பொதுவான ஓர் எண்ணியோடு தலா பத்து லட்சம் முறை ஒன்றைக் கூட்டட்டும். இறுதியில் 20 லட்சம் வர வேண்டும். பூட்டு இல்லாமல் ஓடவிட்டால் பெரும்பாலும் வராது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வரும். எண்ணியைப் படிப்பது, கூட்டுவது, திருப்பி எழுதுவது என்று மூன்று படிகளுக்கு நடுவே மற்றத் திரெட் புகுந்துவிடுகிறது. மியூடெக்ஸ் பூட்டைச் சேர்த்ததும் சரியாகிவிடும், நேரம் கூடும். எவ்வளவு கூடுகிறது என்று அளந்து எழுதிவையுங்கள். இன்னும் ஆழமாகப் போக விரும்புபவர்கள், எம்ஐடியில் கற்பிப்பதற்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளத்தின் மூலநிரலை விடுமுறையில் வாசிக்கலாம்.

நிரலில் செய்யும் மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் கிட் கருவியை இந்த ஆண்டின் தொடக்கத்திலேயே பயன்படுத்தத் தொடங்குங்கள். எழுதும் எல்லாமே அதில் சேரட்டும்.

மூன்றாம் ஆண்டு: வலைப்பின்னல், கம்பைலர், தன் வழி

கணினி வலைப்பின்னல் பாடத்தில் ஏழு அடுக்குகளின் பெயர்களை ஒப்பிக்கும் மாணவர், வலைப்பின்னலில் போகும் தகவலைக் காட்டும் வயர்ஷார்க் கருவியைத் திறந்து ஒரு முறைகூடப் பார்த்திருக்கமாட்டார். பாருங்கள். ஒரு வலைத்தளத்தைத் திறக்கும்போது அதன் பெயருக்குரிய முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வி போவதும், டிசிபி இணைப்பு தொடங்கும் மூன்று படிக் கைகுலுக்கலும் கண்முன்னே ஓடும். சாக்கெட் கொண்டு இருவர் உரையாடும் சிறு நிரலை எழுதுங்கள். கம்பைலர் பாடத்துக்கு, அடைப்புக்குறிகளோடு வரும் கணக்கை வாசித்து விடை தரும் ஒரு கணிப்பியை எழுதினால், பாதிப் பாடம் கைக்கு வந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவும் எந்திரக் கற்றலும் இந்தப் பாடத்திட்டத்தில் நான்காம் பருவத்திலேயே வருகின்றன. அணிகள், நிகழ்தகவு, வகைநுண்கணிதம் மூன்றும் இல்லாமல் அதில் ஆழமாகப் போக முடியாது. நேர்கோட்டுப் பின்னடைவை (லீனியர் ரெக்ரஷன்) நூலகத் தொகுப்பு இல்லாமல், சரிவு இறக்க (கிரேடியண்ட் டிசென்ட்) முறையில் நீங்களே எழுதிப் பார்த்த பிறகு ஆயத்த மாதிரிகளைத் தொடுங்கள்.

வகுப்பில் புரியாத பாடத்துக்கு, ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் காணொளிகள் இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். அல்காரிதத்துக்குச் சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பாடங்களைப் பரிந்துரைக்கிறேன். நிதானமாகவும் துல்லியமாகவும் இருக்கும். ஒரே நேரத்தில் ஒரு பாடத்துக்கு மேல் சேராதீர்கள். காணொளியை ஓடவிட்டுக் கேட்பது படிப்பாகாது. வாராந்தரப் பயிற்சிகளைச் செய்தால்தான் பயன். மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தில் வரும் பாடங்களையும் இதே கண்ணோட்டத்தில் தேர்ந்தெடுங்கள்.

பருவத்தேர்வு

மேலே சொன்னதெல்லாம் செய்தும் தேர்வில் தவறினால் பயனில்லை. அண்ணா பல்கலைக்கழகத் தாளில் 2 மதிப்பெண் கேள்விகள் பத்து, 13 மதிப்பெண் கேள்விகள் ஐந்து, 15 மதிப்பெண் கேள்வி ஒன்று. 2021 விதிமுறையின்படி எழுத்துப் பாடங்களில் அக மதிப்பீட்டுக்கு 40, பருவத்தேர்வுக்கு 60. எனவே அகத் தேர்வுகளை விளையாட்டாக எடுத்துக்கொண்டால் பின்னால் மீட்பது கடினம்.

ஒவ்வொரு அலகு முடிந்ததும் அதே வாரத்தில் 2 மதிப்பெண் விடைகளை உங்கள் சொற்களில் எழுதி முடித்துவிடுங்கள். 13 மதிப்பெண்ணுக்கு வரையறை, படம், அல்காரிதம், ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாக ஓட்டிக் காட்டுதல், வேகக் கணக்கு என்ற வரிசை பெரும்பாலான பாடங்களுக்குப் பொருந்தும். எடுத்துக்காட்டை ஓட்டிக் காட்டும் பகுதியில்தான் மற்றவர்கள் மதிப்பெண் இழக்கிறார்கள். முதல் ஆண்டிலிருந்து தாளில் ஓட்டிப் பழகியவருக்கு அது இயல்பாக வரும். ஆய்வகத் தேர்வில் நிரல் ஓடினால் மட்டும் போதாது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளர், "இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்பார். ரெக்கார்டு நோட்டுக்காக நிரல்களைப் பார்த்து எழுதும் நேரத்தில், ஒவ்வொரு நிரலிலும் அந்தக் கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரியர் விழுந்தால் அடுத்த வாய்ப்பிலேயே எழுதி முடியுங்கள். வளாக வேலைவாய்ப்புக்கு வரும் பல நிறுவனங்கள் நிலுவைத் தாள் இருப்பவரை முதல் சுற்றுக்கே அனுமதிப்பதில்லை. பத்தாம் வகுப்பிலிருந்தே 60 சதவீதம் கேட்கும் நிறுவனங்களும் உண்டு. அரியர் வைத்திருக்கும் மாணவரை அறிவில்லாதவர் என்று வீட்டார் பேசுவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. பல நேரங்களில் கணிதத் தாள் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அந்த ஒரு பாடத்துக்கு நல்ல துணை கிடைத்தால் போதும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது

சாட்ஜிபிடி போன்ற கருவிகள் உங்கள் வீட்டுப்பாட நிரலைச் சில நொடிகளில் எழுதிவிடும். முதல் இரண்டு ஆண்டுகளில் அதை எழுதவிடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. நிரல் எழுதும்போது மாட்டிக்கொண்டு தவிக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் மூளை பழகுகிறது. கருவி அந்த நேரத்தைப் பறித்துவிடுகிறது. முதலில் நீங்கள் எழுதுங்கள். தவறு புரியாவிட்டால் பிழைச் செய்தியின் பொருளைக் கேளுங்கள். திருத்திய நிரலைக் கேட்காதீர்கள். எழுதி முடித்த பிறகு, "இதைவிட நல்ல வழி உண்டா?" என்று கேட்டு ஒப்பிடலாம். கருவி தந்த நிரலில் ஒரு வரியைக்கூட விளக்க முடியாமல் சமர்ப்பிக்கக் கூடாது. ஆங்கிலப் பாடப்பகுதியைத் தமிழில் விளக்கச் சொல்வதற்கு இந்தக் கருவிகள் நன்றாகவே உதவுகின்றன. தமிழ்வழி மாணவர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம், விளக்கத்தைப் பாடநூலோடு ஒப்பிட்டுக்கொண்டால் போதும்.

இறுதியாண்டுத் திட்டப்பணி

நகரம்தோறும் ஆயத்தத் திட்டப்பணிகளை விற்கும் கடைகள் இருக்கின்றன. நிரலும் அறிக்கையும் வைவாவுக்கான கேள்வி பதிலும் சேர்த்தே தருகிறார்கள். தந்தை கூலி வேலை செய்து அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி இப்படிப் போவதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. பணத்தைவிடப் பெரிய இழப்பு, நான்கு ஆண்டுகளில் ஒரு முழு மென்பொருளைத் தொடக்கம் முதல் முடிவுவரை கட்டும் ஒரே வாய்ப்பு கைநழுவுவது. நேர்காணலில் இந்தத் திட்டப்பணியைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

தலைப்பு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் உண்மையான சிக்கலை எடுங்கள். ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் தினக் கணக்கு, பள்ளி நூலகத்தின் புத்தக வரவு செலவு, மாமாவின் பட்டறையில் உதிரிபாக இருப்பு என எதுவாகவும் இருக்கலாம். ஆய்வு நோக்கம் உள்ளவர்கள் மதுரைத் திட்டம் 1998 முதல் இணையத்தில் தொகுத்துவரும் தமிழ் நூல்களை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வரும் இடங்களையெல்லாம் உடனே காட்டும் தேடுபொறி ஒன்றைக் கட்டுங்கள். எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று குறித்து வைக்கும் தலைகீழ் அட்டவணை வேண்டும். "மரம்", "மரத்தை", "மரங்களில்" மூன்றும் ஒரே வேர்ச்சொல் என்று கண்டுபிடிக்க வேண்டும். புணர்ச்சியால் ஒட்டி நிற்கும் சொற்களைப் பிரிக்க வேண்டும். தரவுக் கட்டமைப்பு, குறியேற்றம், தரவுத்தளம், எந்திரக் கற்றல் எல்லாமே இதில் வந்துவிடும்.

குழுவில் மூன்று பேர் இருந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாருமே நிரல் எழுத வேண்டும். ஒருவர் எழுத, ஒருவர் அறிக்கை தட்டச்சு செய்ய, ஒருவர் பைண்டிங் கடைக்குப் போக என்று இருக்கக் கூடாது. இரண்டாம் மாத முடிவில் ஏதாவது ஒரு சிறிய வடிவம் ஓட வேண்டும். சிக்கல் வந்தால் கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்: கணியம், சென்னை லினக்ஸ் பயனர் குழு போன்ற கட்டற்ற மென்பொருள் குழுக்களில் தமிழிலேயே கேட்கலாம், பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

வேலையும் மேற்படிப்பும்

வேலைக்கான தேர்வுகளில் எண்ணியல் திறன், நிரல் எழுதும் சுற்று, தொழில்நுட்ப நேர்காணல் என்று மூன்றும் பெரும்பாலும் இருக்கும். ஐந்தாம் பருவத்திலிருந்து நாளுக்கு ஒரு நிரல் கணக்கு போதும். ஆயிரம் கணக்குகளின் விடையைப் பார்ப்பதைவிட, நூறு கணக்குகளைத் தானே போட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி போட்டுப் பார்ப்பது பலன் தரும். தொழில்நுட்ப நேர்காணலில் கேட்பதெல்லாம் இரண்டாம் ஆண்டுப் பாடங்களே. ஹேஷ் அட்டவணையில் இரண்டு சாவிகள் ஒரே இடத்தில் மோதினால் என்ன செய்வீர்கள், தரவுத்தளத்தில் சுட்டுவரிசை தேடலை ஏன் வேகப்படுத்துகிறது, நிரல்கள் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும் டெட்லாக் எப்போது வரும் என்பவை போன்ற கேள்விகள். சொந்தமாக எழுதிப் பார்த்தவருக்கு இவற்றுக்குத் தயாரிப்பே தேவைப்படாது.

மேற்படிப்பு எண்ணம் இருந்தால், முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். மூன்று மணி நேரத்தில் 65 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 15 பொதுத்திறன். மீதி கணிதமும் மேலே சொன்ன அடிப்படைப் பாடங்களும். பி.எஸ்சி., பி.சி.ஏ. மாணவர்கள் எம்.சி.ஏ.வுக்கு டான்செட் என்ற மாநில நுழைவுத்தேர்வை எழுத வேண்டும். முதல் வாய்ப்பில் மதிப்பெண் குறைந்தாலும் எந்தப் பாடம் பலவீனம் என்று தெரிந்துவிடும் என்பதால், மூன்றாம் ஆண்டில் கேட் எழுதிவிடுவதே நல்லது. அதற்கான விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும்; ஐந்தாம் பருவம் தொடங்கியதுமே அறிவிப்பைக் கவனிக்கத் தொடங்குங்கள். எஸ்சி, எஸ்டி பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், மாணவிகள் ஆகியோருக்கு விண்ணப்பக் கட்டணம் குறைவு. சாதிச் சான்றிதழ் தேவைப்படுபவர்கள் அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.